‘4 ஜிபி ராமை 8 ஆக்கித் தர்றோம்’ என்று சொல்லும் கடையில் போனைக் கொடுக்காதீர்கள்

கடலூர் முதுநகரில் மீன் ஏலம் எடுக்கும் ஒருவரின் போன் இது. 4 ஜிபி ராம் (ஆப் ஓடும்போது பயன்படும் தற்காலிக நினைவகம்), 64 ஜிபி ஸ்டோரேஜ், ஆண்ட்ராய்டு 14. மெதுவாக ஓடுகிறது என்று புதுச்சேரியில் ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்திருக்கிறார். “ராம் ஃபுல் ஆயிடுச்சுண்ணே, பின்னாடி நாப்பது ஆப் ஓடுது. 8 ஜிபியா ஏத்திக் கொடுத்துடுறேன்” என்று 1,200 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். பில் தரவில்லை. துண்டுச்சீட்டில் ‘ராம் அப்கிரேட், கிளீனிங்’ என்று கிறுக்கல், அவ்வளவுதான்.

இரண்டு நாள் போன் பறந்தது. அதன்பின் வாட்ஸ்அப்பில் விலை கேட்டு வரும் செய்திகள் வரவில்லை. திறந்தால்தான் மொத்தமாக வந்து கொட்டின. விடியற்காலை 3 மணிக்கு வைத்த அலாரம் அடிக்கவில்லை. வேகமும் பழையபடி ஆனது, இல்லை, அதைவிட மோசம்.

போனைத் திறந்து பார்த்தால் கடையில் செய்தது நான்கே வேலை. நான்குக்கும் சேர்த்து ஐந்து நிமிடம் ஆகாது, உதிரிபாகம் எதுவும் தேவையில்லை.

முதலாவது, அந்த ‘8 ஜிபி’. போனின் ராம் போர்டோடு சால்டர் செய்யப்பட்ட சிப். கம்ப்யூட்டரில்போல இன்னொன்றைச் செருக இடமே கிடையாது. செட்டிங்ஸில் ஏற்கெனவே இருக்கும் ஒரு வசதியை ஆன் செய்திருக்கிறார்கள். சாம்சங்கில் அதன் பெயர் ராம் பிளஸ், விவோவில் எக்ஸ்டெண்டட் ராம், ரியல்மியில் ராம் எக்ஸ்பான்ஷன். ஸ்டோரேஜில் 4 ஜிபியை எடுத்து ராமுக்குத் துணையாக வைத்துக்கொள்ளும். காசில்லாத வசதி. ராம் சிப்பின் வேகம் ஸ்டோரேஜுக்கு வராது என்பது ஒருபக்கம். இந்த போனில் மொத்தம் காலியாக இருந்ததே 5 ஜிபிதான். அதில் 4 போனால் மிச்சம் 1. ஸ்டோரேஜ் நிரம்பிய ஆண்ட்ராய்டு போன் எப்படித் தள்ளாடும் என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும். இரண்டு நாளில் வாட்ஸ்அப் வீடியோக்கள் அந்த ஒன்றையும் தின்றுவிட்டன.

இரண்டாவது, செட்டிங்ஸில் ஆப் எழுதுபவர்களுக்கென மறைத்து வைத்திருக்கும் டெவலப்பர் ஆப்ஷன்ஸில் மூன்று அனிமேஷன் ஸ்கேலையும் 1-லிருந்து 0.5 ஆக்கியது. திரை மாறும் அசைவு பாதி நேரத்தில் முடிவதால் போன் வேகமாகிவிட்டதுபோல் தோன்றும். கெடுதல் இல்லை, ஆனால் இதற்குக் காசு வாங்குவது கண்கட்டு வித்தை.

மூன்றாவது, அதே இடத்தில் ‘டோன்ட் கீப் ஆக்டிவிட்டீஸ்’ ஆன். இது ஆப் எழுதுபவர்கள் சோதனைக்கு வைத்திருக்கும் ஸ்விட்ச். ஒரு திரையை விட்டு நகர்ந்த நொடியே அது அழிந்துவிடும். பேங்க் ஆப்பில் ஓடிபி கேட்கிறது, மெசேஜைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் முதல் பக்கத்தில் நிற்கும். வாடிக்கையாளர் நெட்வொர்க் சரியில்லை என்று நினைத்துக்கொள்வார்.

நான்காவதுதான் ஆபத்தானது. பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து ஒரு ‘கிளீனர்’ ஆப்பைப் போட்டு, அதற்கு ஆக்சஸிபிலிட்டி அனுமதி கொடுத்து, “தினமும் காலையிலயும் படுக்கப்போறப்பவும் பூஸ்ட்டை அழுத்துங்க” என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஏன் அந்த அனுமதி? ஆண்ட்ராய்டு 14-இல் ஒரு சாதாரண ஆப் மற்ற ஆப்களின் பின்னணி வேலையை நிறுத்த முடியாது; தன்னுடையதை மட்டுமே நிறுத்தலாம். அதனால் நம் விரலுக்குப் பதிலாகத் திரையைத் தானே தொடும் அனுமதியை வாங்கி, ஒவ்வொரு ஆப்பின் தகவல் பக்கத்தையும் திறந்து ‘ஃபோர்ஸ் ஸ்டாப்’ அழுத்துகிறது. பூஸ்ட் அழுத்தியதும் திரை படபடவென்று மாறுவது அதனால்தான்.

ஃபோர்ஸ் ஸ்டாப் செய்த ஆப், நாம் திறக்கும்வரை எழாது. வைத்த அலாரங்கள் ரத்தாகும், செய்திகள் வந்து சேராது. படுக்கப்போகும்போது பூஸ்ட், மூன்று மணிக்கு அலாரம் இல்லை. கடைக்காரர் சொன்னபடி கேட்டதுதான் அவர் செய்த தவறு. அந்த அனுமதி உள்ள ஆப் திரையில் தெரியும் எதையும் படிக்கலாம், ஓடிபி உட்பட.

‘ராம் ஃபுல்’ என்ற பேச்சே மிரட்டல். அடுப்படியில் கைக்கெட்டும் இடத்தில் மிளகாய்த்தூள் டப்பா இருப்பதைப் போலத்தான் ஆண்ட்ராய்டு பழைய ஆப்களை ராமில் வைத்திருக்கிறது. இடம் தேவைப்பட்டால் வெகுநேரம் தொடாததிலிருந்து தானே தூக்கிப்போடும். ரீசன்ட்ஸ் பட்டனில் வரிசையாக நிற்பவை கடைசியாகப் பார்த்த ஆப்களின் பட்டியல், எல்லாமே ஓடிக்கொண்டிருக்கின்றன என்று அர்த்தமில்லை. அவற்றைத் தள்ளித் தள்ளி மூடினால், அடுத்தமுறை முதலிலிருந்து ஏற்ற பேட்டரிதான் கூடுதலாகப் போகும். ஐபோனிலும் இதே கதை: 2016-இல் ஆப்பிளின் மென்பொருள் தலைவர் கிரெய்க் ஃபெடரிகி, பேட்டரிக்காக ஆப்களை மூடத் தேவையில்லை என்று ஒரு வாடிக்கையாளருக்கு பதில் எழுதினார். உறைந்துபோன ஆப்பை மட்டும் மூடுங்கள்.

உண்மையிலேயே ஓடுவதைப் பார்க்க வேண்டுமா? ஆண்ட்ராய்டு 13 முதல் நோட்டிபிகேஷன் திரையை முழுதாகக் கீழே இழுத்தால் ‘ஆக்டிவ் ஆப்ஸ்’ என்று வரும். பக்கத்திலேயே ஸ்டாப் பட்டன். பழைய போனில் அபவுட் போனில் பில்ட் நம்பரை ஏழு முறை தட்டி, டெவலப்பர் ஆப்ஷன்ஸில் ‘ரன்னிங் சர்வீசஸ்’ பாருங்கள். சந்தேகம் இருந்தால், நீங்கள் போட்ட ஆப் எதுவும் ஓடாத சேஃப் மோடில் போனை ஏற்றுங்கள். அதில் வேகமாக ஓடினால் நீங்கள் போட்ட ஆப் ஏதோ ஒன்று காரணம். அதிலும் மெதுவாக இருந்தால் ஸ்டோரேஜ் அல்லது பேட்டரி பக்கம் போங்கள்.

இப்படி ஏற்கெனவே செய்து வாங்கிவந்திருந்தால், வரிசை முக்கியம். முதலில் ஆக்சஸிபிலிட்டியில் அந்த ஆப்பை அணையுங்கள், பிறகு செக்யூரிட்டியில் டிவைஸ் அட்மின் (போனைக் கட்டுப்படுத்தும் அனுமதி) பட்டியலில் இருந்தால் அங்கும் அணையுங்கள், அதன்பிறகே அன்இன்ஸ்டால். முதலிலேயே அன்இன்ஸ்டால் அழுத்தினால் சில ஆப்கள் அந்தப் பக்கத்தைத் தானே மூடி, நீக்கவிடாமல் செய்யும். கெட்ட ஆப்களைக் கண்டுபிடிக்கும் பிளே ப்ரொடெக்ட் அணைக்கப்பட்டிருந்தால், திரும்ப ஆன் செய்யுங்கள். வேறொரு போனிலிருந்து பேங்க் பாஸ்வேர்டை மாற்றுங்கள். யுபிஐ பின்னையும் மாற்றுங்கள். டோன்ட் கீப் ஆக்டிவிட்டீஸ், கூடுதல் ராம் இரண்டும் ஆஃப். அனிமேஷனை 0.5-லேயே விடலாம். கடைசியாக வாட்ஸ்அப் செட்டிங்ஸில் ‘மேனேஜ் ஸ்டோரேஜ்’ போய்ப் பெரிய கோப்புகளை அழித்து, ஆட்டோ டவுன்லோடை நிறுத்துங்கள். 64 ஜிபி போனில் 8 ஜிபியாவது காலியாக இருக்கட்டும். முதுநகர் போனுக்குத் தேவைப்பட்ட சர்வீஸ் இது ஒன்றுதான்.

பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930. கடையின் மீது புகாருக்கு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராததே முறையற்ற வணிகம். நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். துண்டுச்சீட்டையும், பணம் அனுப்பிய யுபிஐ ரசீதையும், ஆப் பட்டியலின் ஸ்கிரீன்ஷாட்டையும் அழிக்கும்முன் எடுத்து வையுங்கள். ஆப்பை நீக்கிய பிறகு அது இருந்ததற்குச் சாட்சி அந்தப் படம்தான்.