நூறைத் தொண்ணூற்றொன்பது ஆக்கினேன், லேப்டாப் வாயை மூடிக்கொண்டது

பழைய லேப்டாப் ஒன்று சல்லிசாகக் கிடைக்கிறது, உன்னுடைய மாடலேதான், வாங்கலாமா என்று நண்பன் கேட்டான். ஐ5 6200யூ பிராசஸர், 8 ஜிபி ரேம். ஒன்பது வருடமாக அதோடுதான் மல்லுக்கட்டுகிறேன்.

சூட்டைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அந்த ஃபேன்தான்! ஒரே சீராக இரைந்தாலாவது காது பழகிவிடும். இது பிரௌசரில் ஒரு டேப் திறந்தால் சீறும், பத்து நொடியில் அடங்கும், சரி விட்டது என்று நினைக்கும்போது மறுபடி சீறும்.

போன மாதம் பொறுமை போய்க் கழற்றினேன். ஃபேனுக்கும் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் தகடுகளுக்கும் நடுவே தூசி கம்பளித்துண்டு போல அடைத்துக் கிடந்தது. இத்தனை வருடம் வெளியிலிருந்து ஊதிய காற்றுக்கு அது அசையவே இல்லை. பிராசஸரின் சூட்டை ஹீட்சிங்குக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொறுக்குத் தட்டியிருந்தது. துடைத்துப் புதிதாகத் தடவினேன். முன்பெல்லாம் வீடியோ கால் வந்தால் 97, 98 டிகிரி வரை போய், பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும், படம் திக்கும். இப்போது 80-ஐத் தாண்டுவதில்லை. ஆனால் சீறல் மட்டும் போகவில்லை.

அப்புறம்தான் விண்டோஸ் பவர் ஆப்ஷன்ஸில் பிராசஸரின் அதிகபட்ச அளவை 100-லிருந்து 99 ஆக்கிப் பார்த்தேன். அவ்வளவுதான், அமைதி. ஒரு சதவீதம் என்பது பெயருக்குத்தான். 99 வைத்தால் டர்போ, அதாவது வேலை வந்ததும் பிராசஸர் தன் வேகத்தைத் தானே கூட்டிக்கொள்ளும் வசதி, எழும்புவதில்லை. இதன் சாதாரண வேகம் 2.3 கிகாஹெர்ட்ஸ், டர்போவில் 2.8. அந்த அரை கிகாஹெர்ட்ஸுக்காக மின்னழுத்தத்தையும் ஏற்ற வேண்டும். அழுத்தம் ஏறினால் மின்செலவு அதன் வர்க்கத்தில் (ஸ்கொயரில்) ஏறும். ஒரு டேப் திறக்க இத்தனை ஆர்ப்பாட்டம், அதன் பின்னாலேயே ஃபேன் ஓடியிருக்கிறது. தட்டச்சு செய்யும்போது வேகம் குறைந்தது தெரியவே இல்லை. வீடியோ எக்ஸ்போர்ட் மட்டும் இழுக்கிறது. காசில்லாமல் முதல் நாளே செய்திருக்கலாம் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

ஆன்டிவைரஸ் முழு ஸ்கேன் ஓடும் நாளில் இந்த வித்தையும் பலிக்காது. டாஸ்க் மேனேஜரை முறைத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

நண்பனிடம் வாங்காதே என்று சொல்லிவிட்டேன். விண்டோஸ் 11-க்கான பிராசஸர் பட்டியலில் இது இல்லை, 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. “அப்போ நீ எப்போ மாத்தப்போறே?” என்றான். இதற்குப் புது பேட்டரி ஆர்டர் போட்டிருப்பதை அவனிடம் சொல்லவில்லை.