ஹோவர்டா, ரட்டா? 2007இல் ஒரு பென்னலாங் வாக்காளர் எடைபோட்ட கதை

2007 நவம்பர் 24, ஆஸ்திரேலியப் பொதுத்தேர்தல் நாள், சனிக்கிழமை காலை. சிட்னியின் வடமேற்கே ரைடு பகுதியில் ஒரு தொடக்கப்பள்ளி. வாசலில் பெற்றோர் சங்கத்தார் வெங்காயம் வதக்கி, சாஸேஜ் சுட்டு, ரொட்டித் துண்டில் வைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். வரிசையில் நின்ற என் கையில் இரண்டு சீட்டுகள். யாருக்கு 1, யாருக்கு 2 என்று வாக்குச்சீட்டில் எப்படி எண்ணிட வேண்டும் எனக் கட்சிக்காரர்கள் அச்சடித்துக் கொடுப்பவை அவை. ஒன்றில் 1 என்ற எண் ஜான் ஹோவர்டின் பெயருக்கு எதிரே இருந்தது. மற்றதில், கெவின் ரட் தலைமையில் எதிர்க்கட்சியாக இருந்த தொழிலாளர் கட்சியின் மேக்சின் மெக்கியூ.

மற்ற தொகுதிக்காரர்கள் கட்சியைப் பார்த்து வாக்களித்தார்கள். எங்கள் பென்னலாங்கில் பிரதமரின் பெயரே வாக்குச்சீட்டில் இருந்தது. 1974 முதல் அவர்தான் எங்கள் உறுப்பினர்; 1996 மார்ச் முதல் நாட்டின் பிரதமர்; அடுத்தடுத்து நான்கு பொதுத்தேர்தல்களில் வென்றவர். அவருக்கு இரண்டு முறை நானே 1 போட்டிருக்கிறேன். இந்த முறை போடவில்லை. ஏன் என்பதைச் சொல்ல, இரு தரப்பையும் அருகருகே வைத்துப் பார்த்தாக வேண்டும்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அந்த ஆண்டு மக்களுக்கு வந்த கோபம் பஞ்சத்தில் வந்த கோபம் அன்று. வேலையின்மை 4.3 சதவீத அளவில், முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் காணாத தாழ்வில் இருந்தது. 1996இல் 9,600 கோடி டாலராக இருந்த மத்திய அரசின் நிகரக் கடன் 2006இல் அடைந்து முடிந்தது. சுரங்கத் தாதுக்களைச் சீனா வாங்கிக் குவித்தது. டாஸ்மேனியாவின் போர்ட் ஆர்தரில் 35 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, தன் சொந்த ஆதரவாளர்களின் எதிர்ப்பையும் மீறித் துப்பாக்கிச் சட்டத்தை இறுக்கியவர் ஹோவர்ட். அந்தத் துணிவை இன்றும் மதிக்கிறேன். இவ்வளவும் இருந்தும், 2007 முழுக்க ஒவ்வொரு கருத்துக்கணிப்பிலும் தொழிலாளர் கட்சியே முந்தி நின்றது. சாப்பாட்டுக்குக் குறையில்லாத வீட்டில் இத்தனை மனக்கசப்பு எங்கிருந்து வந்தது?

வரியில் வந்ததா என்றால், இல்லை. பிரசாரம் தொடங்கிய முதல் நாளே ஹோவர்டின் லிபரல்-நேஷனல் கூட்டணி அரசு 3,400 கோடி டாலர் வருமான வரிக் குறைப்பை அறிவித்தது. சில நாள்களில் கெவின் ரட் அதில் ஏறக்குறைய 3,100 கோடியை அப்படியே ஏற்றுக்கொண்டு, மிச்சத்தில் ஒரு பகுதியைப் பள்ளிப் பிள்ளைகளின் கல்விச் செலவுக்கான வரிச் சலுகையாக மாற்றினார். தன்னைப் 'பொருளாதாரத்தில் பழமைவாதி' என்றே அவர் விளம்பரம் செய்தார். பணத்தைப் பொறுத்தவரை இரண்டு கடையிலும் ஒரே சரக்கு. ஹோவர்ட் தன் பிரசாரத் தொடக்க விழாவில் 900 கோடிக்கு மேல் வாக்குறுதி கொடுக்க, இரண்டு நாள் கழித்து ரட் தன் மேடையில் "இந்தப் பொறுப்பற்ற செலவு நின்றாக வேண்டும்" என்றார். ஒரு தொழிலாளர் கட்சித் தலைவர் லிபரல் பிரதமரைப் பார்த்து அப்படிச் சொல்வார் என்று எங்கள் தெருவில் யாரும் எதிர்பார்க்கவில்லை.

வட்டியில் கதை வேறு. 2004 தேர்தலில் கூட்டணியின் பெரிய ஆயுதமே வட்டிதான். வட்டியைத் தாழ்வாக வைத்திருப்போம் என்பதே அன்றைய விளம்பரம். அதன் பிறகு ரிசர்வ் வங்கி ஆறு முறை வட்டியை ஏற்றியது. 5.25 சதவீதம் 6.75 ஆனது. ஆறாவது ஏற்றம் வந்த நாள் 2007 நவம்பர் 7, பிரசாரத்தின் நட்டநடுவே. மூன்று லட்சம் டாலர் வீட்டுக்கடன் வைத்திருந்த ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 4,500 டாலர் கூடுதல் வட்டி. அன்று ஹோவர்ட் கடன்காரர்களிடம் வருத்தம் தெரிவித்தார். மறுநாளே, வருந்துகிறேன் என்றுதான் சொன்னேன், மன்னிப்பு என்ற சொல்லைப் பயன்படுத்தவில்லை என்று விளக்கம் கொடுத்தார். பெற்றோரிடமிருந்து பிரித்தெடுக்கப்பட்ட பழங்குடிப் பிள்ளைகளின் தலைமுறையிடம் மன்னிப்புக் கேட்க மாட்டேன் என்று பதினோரு ஆண்டுகள் நின்ற மனிதர் அவர். அந்த விளக்கத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது என் மனைவி ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விட்டாள். உலகெங்கும் விலைகள் ஏறிய காலத்தில் வட்டியும் ஏறத்தான் செய்யும்; ரட் வந்தால் இறங்கிவிடும் என்றும் நான் நம்பவில்லை. ஆனால் வாக்குக் கேட்டபோது பெருமையைத் தனதாக்கிக்கொண்டவர், வட்டி ஏறியபோது பொறுப்பையும் ஏற்றிருக்க வேண்டும்.

இனி, உண்மையிலேயே தராசைச் சாய்த்த விஷயம்: வேலைச் சட்டம்.

2004 தேர்தலில் கூட்டணிக்கு மேலவையிலும் பெரும்பான்மை கிடைத்தது. 2005 ஜூலை முதல் எதையும் தடுக்க ஆள் இல்லை. அந்தப் பலத்தில் பிறந்ததுதான் 'ஒர்க் சாய்சஸ்' ('வேலைத் தேர்வுகள்') சட்டம்; 2006 மார்ச் 27இல் நடைமுறைக்கு வந்தது. நூறு பேர் வரை வேலை செய்யும் நிறுவனங்களில் அநியாயமாக வேலையிலிருந்து நீக்கப்பட்டவர் முறையிடும் வழி அடைக்கப்பட்டது. தனிநபர் ஒப்பந்தம் ஏற்கெனவே இருந்ததுதான். ஆனால் ஒப்பந்தத்தில் போகிறவர் பழைய விதிப்படி பெற்றதைவிட மொத்தத்தில் தாழ்ந்துவிடக் கூடாது என்ற சோதனை இருந்தது. அதை எடுத்துவிட்டார்கள். அடிப்படைக் கூலி, வாரம் 38 மணி நேரம், ஆண்டு விடுப்பு, நோய் விடுப்பு, பிள்ளைப்பேற்று விடுப்பு ஆகிய ஐந்து மட்டும் மிஞ்சின. ஞாயிற்றுக்கிழமைக்கும் பொது விடுமுறைக்கும் மிகைநேரத்துக்குமான கூடுதல் கூலியை ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி இல்லாமல் செய்துவிடலாம். நாடறிந்த ஒரு துணிக்கடை நிறுவனம் இவற்றை எல்லாம் எடுத்துக்கொண்டு, ஈடாக மணிக்கு இரண்டு சென்ட் கூட்டிக் கொடுத்த செய்தி அந்த ஆண்டு நாடாளுமன்றத்திலேயே எதிரொலித்தது.

எங்கள் வீட்டுக்கு ஒரு தம்பி வருவான். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன், மாணவர் விசாவில் வந்தவன், ஒரு கடையில் வார இறுதி வேலை. 2007 தொடக்கத்தில் ஒருநாள் இரவு பன்னிரண்டு பக்கத் தாள்கட்டு ஒன்றைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தான். "அண்ணா, கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த வாரத்திலிருந்து வேலையாம். படித்துச் சொல்லுங்கள்" என்றான். இரண்டு முறை படித்தேன். ஒன்பதாம் பக்கத்தில் ஒரே ஒரு பத்தி. அதில் ஞாயிறு, இரவு, பொது விடுமுறை எல்லாம் சாதாரண மணிக்கூலிக்குள் அடங்கிவிட்டன. ஒப்பந்தக் காலம் ஐந்து ஆண்டு. பேரம் பேசிப் பார் என்று நான் சொன்னபோது, "யாரிடம் அண்ணா பேசுவது? மேலாளரும் இதே தாளில்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறார்" என்றான். மறுநாள் போட்டுவிட்டான். சட்டத்தின் பெயரிலேயே 'தேர்வு' என்ற சொல் இருந்தது. அவனுக்கு இருந்த தேர்வு அவ்வளவுதான்.

இந்தச் சட்டத்தைப் பற்றி 2004இல் எங்களிடம் யாரும் கேட்கவில்லை. என் கோபத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. ஜிஎஸ்டி வரி கொண்டுவந்தபோது 1998 தேர்தலில் அதைச் சொல்லியே வாக்குக் கேட்டார் ஹோவர்ட், வென்றார், 2000 ஜூலையில் கொண்டுவந்தார். அந்த வரி எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் நேர்மையில் குறை சொல்ல முடியாது. ஒர்க் சாய்சஸ் அப்படி வரவில்லை. எதிர்ப்பு கிளம்பியதும் 2007 மே மாதம் ஒரு 'நியாயச் சோதனை'யைச் சேர்த்தார்கள். ஒர்க் சாய்சஸ் என்ற பெயரையே அரசு விளம்பரங்களிலிருந்து எடுத்தார்கள். தவறைத் திருத்துகிறவர் பெயரை மறைக்க வேண்டிய தேவை என்ன? இதற்கிடையே, உழைக்கும் குடும்பங்கள் இதுவரை இவ்வளவு நன்றாக இருந்ததே இல்லை என்று அவர் அதே ஆண்டு மார்ச்சில் நாடாளுமன்றத்தில் சொல்லியிருந்தார். சராசரிக் கணக்கில் அது சரியாகக்கூட இருக்கலாம். எங்கள் சாப்பாட்டு மேசையில் சரியாக இல்லை.

ரட்டும் அவருடைய துணைத்தலைவர் ஜூலியா கில்லார்டும் வைத்த மாற்றுத் திட்டம் இதற்கு நேர் எதிரா? முழுக்க அல்ல. புதிய தனிநபர் ஒப்பந்தங்களுக்குத் தடை, அநியாய நீக்கத்துக்கு எதிரான பாதுகாப்பு திரும்ப வரும், பத்து அடிப்படை உரிமைகள். இவை உறுதியாகச் சொல்லப்பட்டன. ஆனால் சுரங்க நிறுவனங்களின் நெருக்குதலுக்கு இணங்கி, ஏற்கெனவே கையெழுத்தான ஒப்பந்தங்கள் 2012 முடிவு வரை ஓடலாம் என்றும் ஒத்துக்கொண்டார்கள். பதினைந்து பேருக்குக் குறைவான சிறுநிறுவனங்களில் முதல் ஓராண்டுக்குப் பாதுகாப்பு இல்லை. தொழிலாளர் கட்சியின் முன்வரிசையில் 70 சதவீதம் முன்னாள் தொழிற்சங்கத்தார் என்று கூட்டணி நாள் முழுக்க விளம்பரம் போட்டது. தொழிற்சங்கத்தார் இருந்தும் இவ்வளவுதானா என்பதே என் குறை. ஆயினும், ஒரு பக்கம் கதவை அடைத்தவர். மறுபக்கம் அதைப் பாதி திறக்கிறேன் என்பவர். அந்தப் பாதியே எனக்குப் பெரிதாகப் பட்டது.

மூன்றாவதாக ஒரு வழியும் இருந்தது. அதை வாக்காளர் முன் வைக்கவே இல்லை. பதினோரு ஆண்டுகளாக நிதியமைச்சராக இருந்த பீட்டர் காஸ்டெல்லோவிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுத் தேர்தலைச் சந்திப்பதுதான் அது. 2007 செப்டம்பரில் சிட்னியில் ஆசிய-பசிபிக் நாடுகளின் ஏபெக் மாநாடு நடந்துகொண்டிருந்த நாள்களிலேயே, ஹோவர்ட் விலக வேண்டுமா என்று அமைச்சர்கள் தங்களுக்குள் பேசினார்கள். அவர் விலகவில்லை. அடுத்த வாரம், மீண்டும் வென்றால் பதவிக்காலத்தின் பிற்பகுதியில் காஸ்டெல்லோவிடம் கொடுப்பேன் என்றார். ஆக, ஹோவர்டுக்குப் போடும் வாக்கு என்றைக்கோ ஒருநாள் காஸ்டெல்லோவுக்குப் போய்ச் சேரும் வாக்கு. ஓய்வு பெறும் எண்ணத்தோடு மூன்றாண்டு வாக்குக் கேட்பவரை, அவர் வீட்டுத் தொகுதியிலேயே எப்படி நம்புவது? காஸ்டெல்லோ நேரடியாக வந்திருந்தால், கூட்டணி தோற்றிருந்தாலும் இவ்வளவு தோற்றிருக்காது என்றே நினைக்கிறேன்.

பருவநிலையில் வேறுபாடு சுருக்கமானது, தெளிவானது: கரிவாயு வெளியேற்றத்தைக் குறைப்பதற்கான கியோட்டோ உடன்படிக்கையை ஹோவர்ட் ஏற்க மறுத்தார், ரட் ஏற்பேன் என்றார். மரே நதி வறண்டு கிடந்த காலம் அது. இராக்கிலும் அப்படியே: போர்ப்படையைத் திருப்பி அழைப்பேன் என்றவர் ரட்.

படகில் தஞ்சம் தேடி வந்தவர்களை ஆஸ்திரேலியா அனுப்பி வைத்த பசிபிக் நாடான நவுரு தீவைப் பற்றிச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே இருந்தவர்கள் நம்மவர்கள். 2007 பிப்ரவரியில் கிறிஸ்துமஸ் தீவுக்கு அருகே கடற்படை ஒரு படகை மறித்தது. அதில் இலங்கையர் 83 பேர், பெரும்பாலோர் தமிழர். மார்ச்சில் அவர்களை நவுருவுக்கு அனுப்பினார்கள். செப்டம்பரில் 72 பேர் உண்மையான அகதிகள் என்று ஆஸ்திரேலிய அரசே ஏற்றது. ஏற்ற பிறகும் ஆஸ்திரேலியாவுக்குள் விடவில்லை, வேறு நாடு தேடுவோம் என்றது. அதே ஆண்டு ஜூலையில் முகமது ஹனீஃப் என்ற இந்திய மருத்துவரைப் பயங்கரவாதக் குற்றச்சாட்டில் பிடித்து, நீதிபதி பிணையில் விட்டதும் சில மணி நேரத்தில் குடிவரவு அமைச்சர் அவருடைய விசாவை ரத்து செய்தார். அந்த மாதமே குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. தொழிலாளர் கட்சி நவுரு முகாமை மூடுவதாகச் சொன்னது. ஆனால் வாக்குப்பதிவுக்கு ஓரிரு நாள் முன்பு, படகுகளைத் திருப்பி அனுப்புவேன் என்று ரட்டும் ஒரு பத்திரிகைக்குச் சொன்னார். படித்தபோது நெஞ்சு கனத்தது. இந்த விஷயத்தில் நான் தேர்ந்தெடுத்தது நல்லவரை அல்ல, கொஞ்சம் குறைவாகத் தீங்கு செய்யக்கூடியவரை. 2013இல் அதே ரட், படகில் வருகிற யாரும் ஆஸ்திரேலியாவில் குடியேற முடியாது என்று அறிவித்தபோது, அந்த ஓரிரு நாள்களை நினைத்துக்கொண்டேன்.

தேர்தலன்று வாக்குச்சாவடியின் மறைப்புக்குள் நின்று, மெக்கியூவுக்கு 1 எழுதினேன். நாடு முழுக்கத் தொழிலாளர் கட்சிக்கு 83 இடம், கூட்டணிக்கு 65. பென்னலாங்கில் ஹோவர்டே தோற்றார். பதவியில் இருக்கும்போது தன் தொகுதியை இழந்த பிரதமர் அதற்கு முன் ஒருவர்தான்: 1929இல் ஸ்டான்லி புரூஸ். அவரையும் வீழ்த்தியது தொழிலாளர் தகராறுகளுக்கான மத்தியஸ்த முறையைக் கலைக்கப் பார்த்த முயற்சிதான்.

ரட் பதவியேற்ற நாளிலேயே கியோட்டோ உடன்படிக்கையை ஏற்கும் ஆவணத்தில் கையெழுத்திட்டார். 2008 பிப்ரவரி 8இல் நவுருவில் மிஞ்சியிருந்த கடைசி 21 இலங்கையர் விமானத்தில் பிரிஸ்பேன் வந்தார்கள். ஐந்து நாள் கழித்து நாடாளுமன்றம் பழங்குடி மக்களிடம் மன்னிப்புக் கேட்டது. மார்ச் இறுதியில் புதிய தனிநபர் ஒப்பந்தங்களுக்குத் தடை வந்தது.

அந்தச் செய்தி வந்த இரவு தம்பி வீட்டுக்கு வந்திருந்தான். அவனுக்கு வாக்குரிமை இல்லை. தேர்தலன்று அந்தக் கடையில்தான் நின்றிருந்தான். தன் தாள்கட்டை மறுபடியும் மேசையில் வைத்து, "இது என்ன ஆகும் அண்ணா?" என்று கேட்டான். ஏற்கெனவே போட்ட கையெழுத்து அப்படியே இருக்கும் என்று சொன்னேன். தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான். இரண்டு மாதத்தில் அந்த வேலையை விட்டுவிட்டு, பாரமட்டாவில் ஞாயிற்றுக்கிழமைக்குக் கூடுதல் கூலி கொடுக்கும் ஓர் அடுமனையில் சேர்ந்தான்.