கொமடோர் 64-க்கு மாற்று மின்வழங்கி: பழுதுபார்ப்பதா, பழையதை வாங்குவதா, புதிதாகச் சேர்ப்பதா?

கொமடோர் 64 வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தேர்வு ஒரு நாள் வந்தே தீரும். 1982-இல் வெளிவந்த அந்தக் கணினிக்கு மின்வழங்கி, அதாவது பவர் சப்ளை, வெளியே தனிப் பெட்டியாக இருக்கிறது. அது நின்றுபோனால் அதையே திறந்து பழுதுபார்க்கலாம். அதே வயதுள்ள இன்னொரு பெட்டியைத் தேடி வாங்கலாம். இந்தக் கணினிக்கென்றே இப்போது செய்து விற்கப்படும் புதிய பெட்டியை வாங்கலாம். அல்லது பொதுவாகக் கிடைக்கும் இரண்டு அடாப்டர்களைக் கொண்டு நாமே ஒன்றை அமைத்துக்கொள்ளலாம். நான் கடைசி வழியைத் தேர்ந்தெடுத்தேன். அதன் பக்கம் சாய்ந்தே எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இந்தக் கணினி கேட்பது ஒரு மின்சாரம் அல்ல, இரண்டு. 7 முனை டின் இணைப்பான் வழியாக 5 வோல்ட் நேர்திசை மின்சாரம் சுமார் 1.5 ஆம்பியர் அளவுக்கும், 9 வோல்ட் மாறுதிசை மின்சாரம் சுமார் 1 ஆம்பியர் அளவுக்கும் உள்ளே செல்ல வேண்டும். 5 வோல்ட் மட்டும் கொடுத்தால் விளக்கு எரியும், திரை கறுப்பாகவே நிற்கும். ஏனெனில், தொடக்ககால 64-களில் ஒலியைத் தரும் சிட் சிப்புக்கும் படத்தைத் தரும் விக்-2 சிப்புக்கும் வேண்டிய 12 வோல்ட்டை, கணினி தன் பலகையிலேயே இந்த 9 வோல்ட்டிலிருந்துதான் உருவாக்கிக்கொள்கிறது. கேசட் இயந்திரத்தின் மோட்டாரும் அதைக் கொண்டே சுழல்கிறது. உள்ளீடு-வெளியீட்டைக் கவனிக்கும் சிஐஏ 6526 சிப்களில் உள்ள நாட்கடிகாரம் இதன் வினாடிக்கு 50 அல்லது 60 துடிப்புகளை எண்ணித்தான் நேரம் காட்டுகிறது. கணினிக்குள்ளேயே அது திருத்தப்படுவதால், அதாவது நேர்திசை மின்சாரமாக மாற்றப்படுவதால், அந்த 9 வோல்ட் 5 வோல்ட்டின் புவி இணைப்போடு எங்கும் சேராத, மின்மாற்றியின் தனிச் சுருளிலிருந்து வர வேண்டும். எந்த வழியை எடுத்தாலும் இதில் விலக்கு இல்லை.

விலை, தோற்றம், மூல நிலை மாறாமல் வைத்திருப்பதில் சேகரிப்பாளர்களுக்கு உள்ள ஆர்வம் ஆகியவற்றுக்கு நான் அதிக எடை தரவில்லை. எல்லா வழிகளையும் ஒரே கேள்வியால் அளந்தேன்: இந்த மின்வழங்கி கெடும்போது 5 வோல்ட் கம்பியில் மின்னழுத்தம் கீழே விழுமா, மேலே ஏறுமா? விழுந்தால் கணினி அணையும், வேறு பெட்டியை மாட்டினால் எழுந்துவிடும். ஏறினால் கதை வேறு. 6510 செயலிக்கும் 74 வரிசைத் தருக்கச் சிப்களுக்கும் உற்பத்தியாளர் தந்த உச்ச வரம்பே 7 வோல்ட்தான். அதைக் கடந்தால் பெரும்பாலும் முதலில் பலியாவது நினைவகச் சிப்கள்; அவற்றுக்காவது மாற்று கிடைக்கும். சிட், விக்-2 போன்றவை இக்கணினிக் குடும்பத்துக்கென்றே செய்யப்பட்டு, உற்பத்தி நின்று பல்லாண்டுகள் ஆனவை. ஆகவே, மின்வழங்கியைத் தேர்ந்தெடுப்பது என்பது நடைமுறையில் அந்தச் சிப்களின் ஆயுளைத் தேர்ந்தெடுப்பதுதான்.

மூலப் பெட்டி இந்தக் கேள்விக்குத் தரும் பதில் கவலைக்குரியது. அதில் 5 வோல்ட்டைத் தருவது லீனியர் ரெகுலேட்டர். மின்மாற்றியிலிருந்து திருத்தப்பட்டு வரும் மின்னழுத்தம் 5 வோல்ட்டைவிடக் கணிசமாக உயர்ந்திருக்கும். அந்த மிகுதியை ரெகுலேட்டர் வெப்பமாக்கிக் கழிக்கிறது. மிகுதி 4 வோல்ட், மின்னோட்டம் 1.5 ஆம்பியர் என்று கொண்டாலே 6 வாட் வெப்பம் உண்டாகும். காற்றோட்டமே இல்லாமல் எபாக்சி பிசின் ஊற்றி நிரப்பப்பட்ட பெட்டிக்குள் இவ்வளவு வெப்பமும் ஆண்டுக்கணக்கில் அடைபட்டிருந்தால் ரெகுலேட்டர் தளராமல் என்ன செய்யும்? அதன் உள்ளிருக்கும் டிரான்சிஸ்டர் குறுக்குச்சுற்றாகிவிட்டால், உள்ளே வரும் மின்னழுத்தம் தடையின்றி வெளியே வந்துவிடும். ரெகுலேட்டரின் புவிக் கால் முறிந்தாலும் விளைவு ஏறத்தாழ அதுவே. குளிர்ந்த நிலையில் மல்டிமீட்டர் சரியாக 5 வோல்ட் காட்டி, சூடேறிய பிறகு மெல்ல ஏறும் பெட்டிகளும் உண்டு என்பதால், ஒருமுறை அளந்து பார்த்துவிட்டு நம்புவதற்கும் இடமில்லை.

இவ்வளவும் தெரிந்த பிறகு முதல் இரண்டு வழிகளைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. பிசின் நிரம்பிய பெட்டியைப் பழுதுபார்ப்பது என்பது பிசினைச் செதுக்கி எடுப்பதுதான். திருகு போட்டுத் திறக்கும்படி வந்த பெட்டி கையில் இருந்தால் மட்டும் ரெகுலேட்டரையும் மின்தேக்கிகளையும் மாற்றிப் பார்ப்பதில் பொருள் உண்டு. இன்னொரு பழைய பெட்டியை வாங்குவது, அதே வடிவமைப்பின் அதே முதுமையை மறுபடி வாங்குவதாகும். பழையதைத்தான் பயன்படுத்துவேன் என்பவர்கள், பெட்டிக்கும் கணினிக்கும் நடுவில் ஒரு காவல் சுற்றையாவது வைக்க வேண்டும். 5 வோல்ட் கம்பி சுமார் 5.5 வோல்ட்டைத் தாண்டியதும் ரிலே மூலம் இணைப்பைத் துண்டிக்கும் எளிய அமைப்பு அது.

இதற்கென்றே செய்யப்படும் புதிய பெட்டிகள் நல்ல வழிதான். சாலிடரிங் செய்யத் தயங்குபவர்களுக்கு நான் அதைத்தான் பரிந்துரைப்பேன். ஆனால் வாங்கும்முன் கேட்க வேண்டியவை சில உண்டு: 5 வோல்ட் ஸ்விட்சிங் முறையில் (மிகுதியை வெப்பமாக்கிக் கழிக்காமல், மின்சாரத்தை மிக வேகமாக இணைத்துத் துண்டித்து அளவைக் காக்கும் முறை) வருகிறதா, மிகைமின்னழுத்தத் துண்டிப்பு உள்ளேயே இருக்கிறதா, பெட்டியைத் திருகு கழற்றித் திறக்க முடியுமா? மூன்றாவது கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். திறக்க முடியாத புதிய பெட்டி, பத்தாண்டுகளுக்குப் பிறகு இன்றைய பிசின் பெட்டியின் நிலைக்கே வந்து நிற்கும்.

நான் அமைத்தது இப்படி: 5 வோல்ட், 3 ஆம்பியர் ஸ்விட்சிங் அடாப்டர் ஒன்று, 9 வோல்ட் மாறுதிசை மின்சாரம் தரும், மின்மாற்றி மட்டுமே உள்ள அடாப்டர் ஒன்று. இரண்டும் முத்திரையிடப்பட்ட, பாதுகாப்புச் சான்று பெற்ற ஆயத்தப் பொருள்கள் என்பதால் சுவர் மின்சாரத்தை என் கை தொடவே இல்லை. இந்த வழி எனக்குப் பிடித்ததற்கு இது ஒரு பெரிய காரணம். அவற்றின் தாழ்மின்னழுத்தக் கம்பிகள் ஒரு சிறிய பெட்டிக்குள் வந்து சேர்கின்றன. அங்கே ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபியூஸும், 5 வோல்ட் பாதையில் காவல் சுற்றும் உள்ளன; அங்கிருந்து டின் இணைப்பான் உள்ள கம்பி கணினிக்குப் போகிறது. கணினியின் பொத்தான் இரண்டு மின்சாரங்களையும் சேர்த்தே துண்டிப்பதால், அடாப்டர்களில் எது முதலில் உயிர்பெறுகிறது என்று கவலைப்பட வேண்டியதில்லை.

என் கேள்விக்கு இந்த அமைப்பு தரும் பதில் இரண்டு அடுக்குகளாக இருக்கிறது. ஸ்விட்சிங் அடாப்டரில் முதன்மைப் பக்கத்து, அதாவது சுவர் மின்சாரம் நுழையும் பக்கத்து, டிரான்சிஸ்டர் கெட்டால், மின்மாற்றியைத் தாண்டி ஆற்றல் வருவதே நின்றுபோகும். வெளியீடு சுழியத்துக்கு விழும். வெளியீட்டை அளந்து சீராக்கும் பின்னூட்டச் சுற்று கெட்டால் மட்டும் மின்னழுத்தம் ஏறக்கூடும். அந்த நேரத்துக்குத்தான் காவல் சுற்று. இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது பராமரிப்பு. எந்தப் பாகம் கெட்டாலும் அதை மட்டும் கழற்றி எறிந்துவிட்டு, உலகில் எங்கும் கிடைக்கும் இன்னொன்றை மாட்டலாம். 5 வோல்ட் அடாப்டரைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, கெடுவதற்கு முன்பே மாற்றிவிடவும் தயங்க வேண்டியதில்லை. மிச்ச ஆம்பியரும் பயன்படுகிறது: 1764 நினைவக விரிவாக்கத்தைக் கொமடோர் விற்றபோது, அதனுடன் வலுவான மின்வழங்கி ஒன்றையும் சேர்த்தே கொடுத்தது. மூலப் பெட்டியின் திறன் அந்த அளவுக்கு எல்லையை ஒட்டியது.

கவனம் வேண்டிய இடம் கம்பி. 1.5 ஆம்பியர் பாயும்போது, போகவும் வரவும் சேர்த்து 0.1 ஓம் தடை இருந்தாலே 0.15 வோல்ட் வழியில் குறைந்துவிடும். பெரும்பாலான சிப்களுக்கு 4.75 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது. எனவே தடித்த, குட்டையான கம்பி வேண்டும். கணினியில் மாட்டும் முன், 4.7 ஓம், 10 வாட் மின்தடை ஒன்றை 5 வோல்ட் முனைகளில் இணைத்து, சுமார் 1 ஆம்பியர் சுமையில் அரை மணி நேரமாவது ஓடவிட்டு அளக்க வேண்டும். அந்த மின்தடை கடுமையாகச் சுடும். மேசை மீது வெறுமனே கிடக்க விடக் கூடாது.

ஸ்விட்சிங் முறையின் இரைச்சல் படத்தில் கோடுகளாகத் தெரியும் என்ற குறை சொல்லப்படுகிறது. என் திரையில் வேறுபாடு ஏதும் தெரியவில்லை. ஆனால் நான் பயன்படுத்துவது ஒரே ஒரு திரை என்பதால், எல்லா அடாப்டர்களுக்கும் எல்லாத் திரைகளுக்கும் இதைப் பொதுவாக்க மாட்டேன். ஒலியைத் தனியே பதிவு செய்பவர்கள் தங்கள் காதால் சோதித்துக்கொள்வது நல்லது. 9 வோல்ட்டை நேர்திசை மின்சாரத்திலிருந்து மின்னணு முறையில் உருவாக்கும் பெட்டிகளை நான் பயன்படுத்தியதில்லை. அவற்றைப் பற்றிக் கருத்துச் சொல்ல என்னிடம் அனுபவம் இல்லை.

இதே கேள்வியை, 1980-களின் பிரிட்டிஷ் கணினியான பிபிசி மைக்ரோவிடம் கேட்டால் விடை தலைகீழாக வருகிறது. ஸ்விட்சிங் மின்வழங்கி கணினிக்குள்ளேயே பொருத்தப்பட்ட மாதிரிகளில் வழக்கமாகக் கெடுவது, சுவர் மின்சாரம் நுழையும் இடத்தில் இரைச்சலை வடிகட்டும் காகித மின்தேக்கி. அதன் உறை வெடித்து ஈரம் புகுந்து, ஒரு நாள் நாற்றமுள்ள புகையுடன் போய்விடும். ஆனால் 5 வோல்ட் பக்கத்தை அது தொடுவதில்லை. அங்கே முழு மின்வழங்கியையும் மாற்றுவதைவிட, அதே அளவுள்ள, எக்ஸ்2 தர (சுவர் மின்சாரக் கம்பிகளுக்கு நடுவே நேராக இணைக்கத் தகுந்த) பிளாஸ்டிக் படல மின்தேக்கியை வைத்துப் பழையதையே காப்பாற்றுவதுதான் பொருத்தம். அதைத் திறப்பவர், மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் உள்ளே பெரிய மின்தேக்கியில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கலாம் என்பதை அறிந்தவராக, அளந்து பார்த்த பிறகே கை வைப்பவராக இருக்க வேண்டும்.