ரயில்வே கேட்டா, நடைமேம்பாலமா, சப்வேயா? இரட்டைப் பாதை வந்த ஊரிலிருந்து ஒரு கணக்கு

எங்கள் ஊர் சாத்தூருக்கும் கோவில்பட்டிக்கும் நடுவே தண்டவாளத்தை ஒட்டிய ஒரு கரிசல்காட்டு ஊர். வீடுகளும் பள்ளிக்கூடமும் ரேஷன் கடையும் கிழக்கே, காடுகரை முக்கால்வாசியும் பஸ் நிற்கிற ரோடும் மேற்கே. ஒரு நாளைக்கு நாலு தடவையாவது தாண்டாமல் பிழைப்பு ஓடாது. மதுரையிலிருந்து திருநெல்வேலி வரை 2023-இல் முழுக்க இரட்டைப் பாதையாகி, அடுத்த வருடம் நாகர்கோவில் வரை போய்விட்டது. அந்த வேலை நடந்தபோது ஊரைக் கூட்டி ஒரு கேள்வி கேட்டார்கள். கேட் அப்படியே இருக்கட்டுமா, அல்லது கேட்டை மூடிவிட்டு, தண்டவாளத்துக்கு அடியில் சப்வே போடலாமா? இன்னொரு பக்கம் சிலர் நடைமேம்பாலம் கேட்டார்கள். நான் சப்வேக்குக் கை தூக்கினேன். இன்றைக்குக் கேட்டாலும் சப்வேக்குத்தான் தூக்குவேன். ஆனால் அன்றைக்கு ஒரு தப்பும் செய்தேன், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் இரட்டைப் பாதை எதை மாற்றியது என்று பார்த்துவிடலாம். ஒற்றை லைன் காலத்தில் ஊரில் எழுதப்படாத ஒரு சட்டம் இருந்தது: வண்டி போய்விட்டால் தைரியமாகத் தாண்டலாம். அது குருட்டு நம்பிக்கை இல்லை. இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவில் ஒரு நேரத்தில் ஒரு ரயில்தான் இருக்க முடியும். எதிர் வண்டி வர வேண்டுமானால் போன வண்டி அடுத்த ஸ்டேஷனுக்குள் ஒதுங்கியாக வேண்டும். ஆகவே வண்டி கடந்த அடுத்த நிமிடம்தான் இருப்பதிலேயே பத்திரமான நிமிடம். இரண்டாவது லைன் வந்த அன்றைக்கு அதே நிமிடம் இருப்பதிலேயே மோசமான நிமிடமாகிவிட்டது. போகிற ரயிலின் கடைசிப் பெட்டி எதிரே வருவதை மறைக்கும், அதன் இரைச்சல் இதன் இரைச்சலை விழுங்கிவிடும். தாத்தா காலத்திலிருந்து கால் பழகிப்போன வழக்கத்தை ஒரே நாளில் மாற்றச் சொன்னால் யாரால் முடியும்?

தூரமும் கூடியது. புதிதாகப் போடும் இரட்டைப் பாதையில் ஒரு லைனின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 5.3 மீட்டர் விடுவார்கள். இரு புறமும் ஒதுங்கி நிற்கும் இடத்தையும் சேர்த்தால் 11 மீட்டர் வரும், முன்பு ஆறு மீட்டருக்குள் முடிந்துவிடும். தலையில் கட்டோடு ஜல்லியில் நடப்பவருக்கு அது பத்துப் பதினோரு விநாடி. 110 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ரயில் விநாடிக்கு 30 மீட்டர் தாண்டும். அதாவது நீங்கள் கால் வைக்கும்போது 300 மீட்டருக்கு அப்பால், கண்ணுக்குப் பொம்மை மாதிரி தெரிந்த வண்டி, நீங்கள் அக்கரை ஏறுமுன் வந்துவிடும். டிரைவர் பார்த்துப் பிரேக் அடித்தாலும் பல நூறு மீட்டர் ஓடித்தான் நிற்கும்.

இன்னொன்று, புது லைன் போட்டு ரயில் விடாமல் கிடந்த மாதங்கள். அந்தக் கரையில் மிளகாய் வற்றல் காயப்போட்டார்கள், பையன்கள் சாயங்காலம் உட்கார்ந்து செல்போன் பார்த்தார்கள். ரயில்வே பாதுகாப்பு ஆணையர் சோதனை ஓட்டம் வருகிறது, யாரும் கிட்டே போகாதீர்கள் என்று அறிவித்த அன்றுதான் பலருக்கு அது நிஜத் தண்டவாளம் என்றே உறைத்தது. எந்த ஊரில் வேலை நடந்தாலும் இந்த இடைக்காலத்தைக் கவனிக்க வேண்டும்.

சரி, கேட். இருக்கிறதை வைத்துக்கொள்வது சுலபம், சமதரையில் மாட்டுவண்டியிலிருந்து சோளத்தட்டை ஏற்றிய டிராக்டர் வரை எல்லாம் போகும், ஒரு மனிதர் அங்கேயே காவல் இருப்பார். கடைசியாகச் சொன்னதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. ஒரு நாள் என் கண் முன்னால் நடந்தது. நாகர்கோவில் பக்கமிருந்து வந்த வண்டி கடந்து முடிந்தது. புல்லுக்கட்டோடு நின்ற பெரியவர் பழைய பழக்கத்தில் குனிந்து கேட்டுக்குள் நுழைந்துவிட்டார். கேட் கீப்பர் கொடியை வீசிக்கொண்டே, "பெரியவரே, நில்லுங்க! அங்கிட்டு இன்னொரு வண்டி வருது!" என்று தொண்டை கிழியக் கத்தினார். பெரியவர் கட்டைக் கீழே போட்டுவிட்டுப் பின்னால் வந்தார். மதுரைப் பக்கத்து வண்டி போன காற்றில் அந்தக் கட்டு அவிழ்ந்து புல்லெல்லாம் பறந்தது.

ஆனால் இரண்டு லைன் ஆனதும் கேட் மூடிக் கிடக்கும் நேரம் கூடிவிட்டது. ஒன்று போய் மற்றொன்றுக்குக் காத்து, சில சமயம் மூன்றாவதுக்கும் காத்து, பள்ளிக்கூட மணி அடித்துவிடும். பைக்கைச் சாய்த்துக் கம்பிக்குக் கீழே நுழைக்கிற வித்தை எங்கள் ஊரில் பத்தாம் வகுப்புப் பையனுக்கே அத்துப்படி. ரயில்வே சட்டம் 147-ஆவது பிரிவில் அத்துமீறி நுழைந்தால் ஆறு மாதம் வரை சிறை, ஆயிரம் ரூபாய் வரை அபராதம் என்று இருக்கிறது. அவசரத்தில் யாருக்கு அது ஞாபகம் வரும்?

கேட்டிலேயே இரண்டு ரகம் உண்டு. சிக்னலோடு பூட்டப்பட்ட கேட் என்றால், கேட் அடைபடாமல் ரயிலுக்குச் சிக்னல் விழாது. மற்றது, ஸ்டேஷனிலிருந்து போன் வந்து கேட் கீப்பர் மூட வேண்டிய கேட். அங்கே எல்லாம் ஒரு மனிதரின் காதையும் கவனத்தையும் நம்பித்தான். 2025 ஜூலை 8 அன்று கடலூர் செம்மங்குப்பத்தில் பள்ளி வேன் மீது பாசஞ்சர் ரயில் மோதி மாணவர்கள் மூன்று பேர் இறந்தது இந்த இரண்டாவது ரகக் கேட்டில்தான். அது ஒற்றைப் பாதை. இரட்டைப் பாதையில் அதே போன் ஒரே நேரத்தில் இரண்டு திசை வண்டிக்கும் அடிக்கலாம். கேட் வேண்டும் என்று ஊர் முடிவு செய்தால், எந்த ரகம் என்பதை முதலில் கேளுங்கள்.

நடைமேம்பாலத்தைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. மின்கம்பிக்கு மேலே எழும்ப வேண்டும் என்பதால் உயரம் ஆறு மீட்டருக்கு மேல் போகும், படிக்கு 15 சென்டிமீட்டர் வைத்தாலே நாற்பது படிக்கு மேல். ஏறி இறங்க எண்பது. மூட்டு வலிக்காரர் ஏற மாட்டார், பைக் போகாது, ஆடு ஏறவே ஏறாது. ஸ்டேஷன் உள்ள ஊருக்கு, பிளாட்பாரம் மாறுவதற்கு அது சரி. காட்டுக்குப் போகிறவர்கள் பாலத்தின் நிழலில் தண்டவாளத்தைத் தாண்டுவதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். வாகன மேம்பாலம் எங்கள் மாதிரி ஊருக்குக் கனவு. ஒரு நாள் ரயில் எண்ணிக்கையையும் வாகனக் கணக்கையும் பெருக்கினால் ஒரு லட்சம் தாண்டும் கேட்டுகளுக்குத்தான் பொதுவாக அந்தப் பேச்சு. மேம்பாலம் உள்ள ஊரில் நான் குடியிருந்ததில்லை, பஸ்ஸில் கடந்து போன அனுபவம்தான். அதனால் அதை விட்டுவிடுகிறேன்.

இனி சப்வே. எனக்கு இதுதான் பிடிக்கும் என்பதற்குக் காரணம் ஒன்றே ஒன்று: மனிதனும் ரயிலும் ஒரே மட்டத்தில் சந்திப்பதே இல்லை. கேட் கீப்பர் அசந்தாலும், பையன் அவசரப்பட்டாலும், இரண்டு வண்டி சேர்ந்து வந்தாலும் உயிருக்கு ஒன்றுமில்லை. ஆடு மாடும் போகும். கான்கிரீட் பெட்டிகளை முன்கூட்டியே வார்த்து வைத்து, சில மணி நேரம் ரயிலை நிறுத்திக் கரையை வெட்டி உள்ளே இறக்கிவிடுகிறார்கள். எங்கள் ஊரில் பொழுது விடிந்து பார்த்தால் கரைக்குள் ஓட்டை இருந்தது. உயரம் மட்டும் குறைவு, தட்டை அடுக்கிய டிராக்டர் மூன்று கிலோமீட்டர் சுற்றிப் போகிறது. அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

பொறுத்துக்கொள்ள முடியாதது தண்ணீர். கரிசல் மண் குடித்தவரை குடித்து உப்பிவிட்டால் அதற்கு மேல் ஒரு சொட்டு இறங்காது. ஐப்பசி கார்த்திகையில் இரண்டு நாள் மழை பிடித்தால் எங்கள் சப்வேயில் இடுப்பளவு நிற்கும். தேங்கிய சப்வேயில் வண்டியை விடவே கூடாது. புதுக்கோட்டை துடையூரில் 2021 செப்டம்பரில் அப்படிக் கார் மூழ்கி ஒரு பெண் மருத்துவர் இறந்தார். அந்த ஆபத்து எல்லோருக்கும் தெரியும். எங்கள் ஊரில் நான் பயப்படுவது வேறு ஒன்றுக்கு.

சப்வேயில் தண்ணீர் நின்றால் சனம் வீட்டில் உட்காராது. பக்கத்துக் கரையில் ஏறி நேராகத் தாண்டும். கேட் இருந்த இடம் இப்போது வெறும் ஜல்லி மேடு. கம்பி இல்லை, கொடி இல்லை, கத்துவதற்கு ஆளும் இல்லை. போன கார்த்திகையில் என் சித்தி பால் கேனை ஒரு கையிலும் செருப்பை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு ஏறினார். ஜல்லி சரிந்து முழங்கால் குத்தி எழுந்தார். பின்னாலேயே குடையை எதிர்காற்றுக்குச் சாய்த்துப் பிடித்தபடி இரண்டு பிள்ளைகள். குடை மறைத்த பக்கம்தான் கோவில்பட்டி வண்டி வரும் பக்கம். அன்றைக்கு வண்டி வரவில்லை, அவ்வளவுதான். அந்த அரை மணி நேரம் எங்கள் சப்வே கேட்டை விடப் பல மடங்கு மோசமான ஏற்பாடாக இருந்தது.

அப்படியானால் சப்வே பத்திரமா இல்லையா என்பது கான்கிரீட்டில் இல்லை, மோட்டாரில் இருக்கிறது. பள்ளத்தில் ஒரு தொட்டி, தொட்டியில் மோட்டார், மோட்டாருக்குக் கரண்டு, கரண்டுக்குப் பில். பில்லை யார் கட்டுவது என்று கேட்டு மனுவோடு போனால் ஒரு அலுவலகம் இன்னொரு அலுவலகத்தைக் காட்டுகிறது, அது திரும்பவும் முதலாவதைக் காட்டுகிறது. பலத்த மழையில் கரண்டே போய்விடும் என்பது தனிக்கதை.

நான் செய்த தப்பு இங்கேதான் வருகிறது. கூட்டத்தில் இரண்டு இடம் சொன்னார்கள். ஒன்று, பழைய கேட் இருந்த இடம். அங்கே தண்டவாளம் தரை மட்டத்திலேயே ஓடுகிறது, பாதையைப் பள்ளம் தோண்டித்தான் இறக்க வேண்டும். மற்றது, தெற்கே நானூறு மீட்டர் தள்ளி ஓடைப் பக்கம். அங்கே ரயில் கரையே இரண்டு ஆள் உயரம். பாதை தரை மட்டத்தில் நேராகப் போகும், மழை பெய்தால் தண்ணீர் தானாக ஓடைக்கு வடியும், மோட்டாரே வேண்டாம். நானூறு மீட்டர் நடக்க அலுத்துப்போய் ஊரே கேட் இடத்தைக் கேட்டது. என் கையும் அதில் ஒன்று. பக்கத்து ஊர்க்காரர்கள் கரை உயர்ந்த இடத்தில் வாங்கினார்கள். அதே மழையில் அவர்கள் சப்வேயில் செருப்பு நனையாமல் போகலாம். ஒரு மழைக்காலத்தைத்தான் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறேன், பெருவெள்ளத்தில் ஓடைத் தண்ணீர் எதிர்த்து ஏறுமா என்பதற்கு அனுபவம் இல்லை.

இப்போது நாகர்கோவிலுக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடையே இரட்டைப் பாதை வேலை நடக்கிறது. குழித்துறை, இரணியல் பக்கம் இருப்பவர்கள் வரைபடம் காட்டும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: சப்வேயின் தரை, பக்கத்து ஓடையை விட மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா? கீழே என்றால் மோட்டார், பில், ஆள் மூன்றுக்கும் பெயர் எழுதி வாங்காமல் கேட்டை மூடச் சம்மதிக்காதீர்கள். அது கிடைக்காது என்றால், சிக்னலோடு பூட்டிய கேட்டே மேல்.

எங்கள் மோட்டார் பெட்டியின் சாவி இப்போது டீக்கடை அண்ணாச்சியிடம் இருக்கிறது. வானம் கறுத்தால் நான் போன் போடுகிறேன், "கிளம்பிட்டேன்ப்பா" என்கிறார். ஸ்விட்சைப் போட்டுவிட்டு, ஒரு கயிற்றை எடுத்துக்கொண்டு பழைய கேட் இருந்த ஜல்லி மேட்டில் குறுக்கே கட்டிவிட்டு வருகிறார். அந்தக் கயிற்றையும் தாண்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர் கடையில் இருந்தபடியே கத்துகிறார்.