முன்னோர் கட்டிய லாக் கேபின்: பிரித்துக் கோப்பதா, முழுசாகத் தூக்குவதா?

அமெரிக்காவின் கென்டக்கி, டென்னசி மாநிலங்கள் பக்கம் பாட்டன் காலத்து லாக் கேபின் (மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய வீடு) ஒன்றைக் காப்பாற்ற மூன்று வழிகள் உண்டு. நின்ற இடத்திலேயே பழுதுபார்க்கலாம், முழுசாகத் தூக்கி வேறிடம் வைக்கலாம், கட்டை கட்டையாகப் பிரித்து மறுபடி கோக்கலாம். பலருக்கும் மூன்றாவதுதான் சுலபமாகத் தெரிகிறது. பழமையை அதிகம் தின்பதும் அதுவே.

நிலம் கையில் இருக்கும்வரை நகர்த்தவே வேண்டாம். இடம் மாறிய கட்டடம் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் சேர்வது கடினம். பெரும்பாலும் உளுத்துப்போவது மண்ணை ஒட்டிய அடிக்கட்டைதான். கோணூசியால் குத்திப் பாருங்கள். அரை அங்குலத்துக்கு மேல் எளிதாக இறங்கினால் அந்தப் பகுதி போய்விட்டது. சுவரை ஜாக்கியால் தாங்கி, அதே வகை மரத்தில் புதுக்கட்டை செதுக்கிச் செருகி, கல் தாங்கிகளைத் தரையிலிருந்து ஒரு அடியாவது உயர்த்தினால் போதும். கட்டை இடுக்குகளில் பிற்காலத்தில் யாரேனும் சிமென்ட் அடைத்திருந்தால் முழுக்க எடுத்துவிடுங்கள். மரம் சுருங்கி விரியும்போது சிமென்ட் அசையாது; விளிம்பில் விரிசல் விழும், உள்ளே போன நீர் வெளியேறாது, கட்டை பின்பக்கமாக அழுகும். சுண்ணாம்புச் சாந்தே சரி. அதையும் மேல்கட்டையின் அடியில் சற்று உள்வாங்கி, வெளிப்பக்கம் சரிவாகப் பூச வேண்டும்.

முழுசாகத் தூக்குவதில் மூலைப் பொருத்துகள் பிரியாது என்பதே பெரிய லாபம். 16க்கு 20 அடி, 6 அங்குலக் கனமுள்ள வெள்ளை ஓக் சுவர்கள் சுமார் 5 டன்தான் வரும். சிக்கல் எடையில் இல்லை, அகலத்தில். எட்டரை அடிக்கு மேல் அகலமான சுமைக்குச் சாலை அனுமதி தேவை. பாலத்தின் உயரமும் மின்கம்பியும் வழிமறித்தால் கூரையைக் கழற்ற வேண்டிவரும். கல் புகைபோக்கி எப்படியும் தனியாகத்தான் பிரிந்து வரும். கதவு, ஜன்னல் திறப்புகளில் குறுக்குச் சட்டம் அடித்து, உளுத்த அடிக்கட்டையை முதலிலேயே மாற்றியபின்தான் இரும்பு உத்திரம் நுழைய வேண்டும். இல்லாவிட்டால் சுவர் நடுவில் தொய்ந்துவிடும்.

மலைப்பாதையில் லாரி ஏறாது என்றால் பிரித்தே ஆக வேண்டும். பூச்சி அரித்த பொருத்துகளின் எல்லா முகத்திலும் போரேட் கரைசல் (பூச்சியைக் கொல்லும் போரான் உப்புக் கரைசல்) பூச முடிவது இதில் மட்டுமே கிடைக்கும் நன்மை. ஆனால் எந்தக் கட்டை எங்கிருந்தது என்ற ஆவணம் பிசகினால் என்ன ஆகும் என்பதற்கு கென்டக்கியின் ஹாட்ஜென்வில்லில் இருக்கும் 'லிங்கன் பிறந்த கேபின்' சாட்சி. அந்தக் கட்டைகள் கண்காட்சிகளுக்காகப் பலமுறை பிரிக்கப்பட்டன. உள்நாட்டுப் போரில் லிங்கனை எதிர்த்த தென்மாநிலக் கூட்டமைப்பின் அதிபர் ஜெஃபர்சன் டேவிஸ் பிறந்ததாகக் காட்டப்பட்ட கேபினின் கட்டைகளோடு கலந்தன. நினைவு மண்டபத்துக்குள் அடங்குவதற்காக அளவும் குறைக்கப்பட்டது. பிறகு மர வளையங்களை ஆராய்ந்தபோது மிகப் பழைய கட்டையே 1848-ஐச் சேர்ந்தது என்று தெரிந்தது. லிங்கன் பிறந்ததோ 1809.

ஆகவே சுவரின் திசை, கீழிருந்து எத்தனையாவது வரிசை என்ற இரண்டையும் அலுமினியத் தகட்டில் பொறித்து, ஒவ்வொரு கட்டையின் உட்பக்கத்திலும் துருப்பிடிக்காத ஆணியால் அடியுங்கள். சாக்பீஸும் காகித ஒட்டியும் ஒரு மழை தாங்காது. மூலைகளைத் தனித்தனியே படமெடுங்கள். அடுக்கி வைக்கும்போது பிளாஸ்டிக்கில் சுற்றாதீர்கள். ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சைக்கு வழி திறக்கும். கோக்கும்போது பொருத்து இறுக்கமாக இருக்கிறதென்று உளி போடக் கூடாது. வரிசைக்குக் கால் அங்குலம் செதுக்கினால் 12 வரிசையில் 3 அங்குலம் இறங்கி, கூரை கோணலாக உட்காரும்.

புது அடித்தளத்தை மூலைமட்டம் வைத்துக் கச்சிதமாகப் போடுவதும் தவறுதான். 16க்கு 20 அடிச் செவ்வகத்தின் மூலைவிட்டம் 25 அடி 7⅜ அங்குலம். பழைய கேபினில் இரண்டு மூலைவிட்டமும் ஒத்துப்போவது அபூர்வம். பிரிக்கும் முன்பே இரண்டையும் அளந்து, அந்தக் கோணலுக்கே அடித்தளம் போடுங்கள்.