தாளில் மட்டும் ஓடிய 518 குதிரைத்திறன்

என் பிஎம்டபிள்யூ எம்4 தொழிற்சாலையிலிருந்து வரும்போதே 431 குதிரைத்திறன் கொண்டது. அது போதாதென்று நினைத்தது என் தவறுதான். திட்ட விரும்புகிறவர்கள் இங்கேயே திட்டிவிட்டு மேலே படிக்கலாம்.

ஜெர்மனியில் டோர்ட்மண்ட் அருகே ஒரு பட்டறை. இன்ஜின் கணினிக்குப் புது மென்பொருள், டர்போவை அடுத்த புகைக்குழாய்கள் இரண்டும் மாற்றம், டைனோ சோதனை (வண்டியை உருளைகள் மேல் ஓட்டித் திறனை அளப்பது), மாற்றங்களை வண்டிப் பதிவில் சேர்ப்பதற்கான சான்றறிக்கை, எல்லாம் சேர்த்து 4,900 யூரோ. என் வண்டியில் உள்ள எஸ்55 இன்ஜினில், வால்வுகளை இயக்கும் சங்கிலியை ஓட்டும் சக்கரம் கிராங்க் தண்டின் முனையில் ஒரு போல்ட்டின் இறுக்கத்தில்தான் நிற்கிறது, முறுக்குவிசையைக் கூட்டினால் நழுவக்கூடும் என்று அவர்கள் மூச்சுகூட விடவில்லை. ஜனவரியில் வண்டியை விட்டேன். நான்காம் நாள் ஒரு தாளைக் கையில் கொடுத்தார்கள். 518! அறிவு மங்க அந்த ஓர் எண் போதும்.

மெக்கானிக் வேலை பழகும் என் அக்கா மகன் தாளை வாங்கினான். எண்ணை விட்டுவிட்டு மூலையில் இருந்த பொடி எழுத்தைப் படித்தான்.

"மாமா, அன்றைக்கு அங்கே குளிரா, வெயிலா?"

பேசினால் வாயிலிருந்து புகை வந்த நாள் அது. தாளில் காற்றின் வெப்பநிலை 41 டிகிரி என்று இருந்தது.

சூடான காற்றுக்கு அடர்த்தி குறைவு. அதனால் இன்ஜின் இழக்கும் திறனை டைனோ கணக்குப் போட்டுக் கூட்டிக் காட்டும். வெப்பநிலையை ஏற்றி எழுதினால் போதும், வண்டியைத் தொடாமலே திறன் ஏறிவிடும். (டர்போ இன்ஜினுக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்துமா என்பது தனி வழக்கு.) வேறிடத்தில் அளந்தோம்: 489.

இதோடு நின்றிருந்தால் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். அவன் புதுக் குழாய் ஒன்றைக் கழற்றி ஒரு முனையில் டார்ச் அடித்தான். உள்ளே புகையைச் சுத்தப்படுத்தும், தேன்கூடு போன்ற வினையூக்கி இருக்க வேண்டும். மறுமுனையில் பிடித்திருந்த என் கட்டைவிரலின் நகம்வரை தெரிந்தது. வெறும் குழாய். சான்றறிக்கையைத் தேடி எடுத்தால், அது வேறு மாடலுக்கு உரியது. ஜெர்மனியில் புகை மோசமாகும்படி வண்டியை மாற்றினால் அதன் இயக்க அனுமதியே செல்லாமல் போகும். விபத்து நேர்ந்தால் காப்பீட்டிலும் சிக்கல். மூன்று வாரம் அந்த நிலையில்தான் மகளைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டிருக்கிறேன்.

பழைய குழாய்களையாவது தாருங்கள் என்று போய் நின்றேன். "பழைய இரும்பு, போட்டுவிட்டோம்" என்றார் உரிமையாளர், கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல். வினையூக்கியில் பலேடியம், ரோடியம் என்று விலையுயர்ந்த உலோகங்கள் உள்ள பொருளை யாராவது இரும்பு விலைக்குப் போடுவார்களா? அசல் குழாய்கள் இரண்டையும் இனி நான் புதிதாக வாங்கியாக வேண்டும்.

வண்டியை விடுவதற்கு முன்பே, கழற்றும் பாகங்கள் உங்களுக்கே என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சான்றறிக்கையில் உங்கள் வண்டியின் வகைக் குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள். டைனோ ஓடும்போது திரைக்குப் பக்கத்திலேயே நில்லுங்கள், காப்பி குடிக்க அழைத்தாலும் போகாதீர்கள். நான் போனேன்.

வழக்கறிஞர் கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை. வண்டி உறை போட்டு நிற்கிறது. மகள் பஸ்ஸில் போகிறாள்.