ஆயிரம் துண்டில் ஆறுமுகம்

இரண்டு வருடமாக எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிட முடிவதில்லை. காரணம், துண்டு துண்டாகச் சேர்த்துப் படமாக்கும் மூன்று ஜிக்சா பெட்டிகள். சிலாங்கூரும் சிங்கப்பூரும் மலேசியக் கிண்ணக் கால்பந்தில் மோதிய காலத்துப் படங்கள். ஒவ்வொன்றிலும் 1000 துண்டு, 70க்கு 50 சென்டிமீட்டர். அப்பாவின் எழுபதாவது பிறந்தநாளுக்கு ஆன்லைனில் வாங்கினேன். மூன்றையும் மாற்றி மாற்றி ஒன்பது தடவை சேர்த்துக் கலைத்தாயிற்று.

எங்கள் ஊர் சிலாங்கூரில் இருக்கும் பெஸ்தாரி ஜெயா. அப்பா இன்னும் பழைய பேரில் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் சொல்வார். பக்கத்தில் இருக்கும் தோட்டத்தின் பேர் தென்னமரம், நட்டிருப்பதோ செம்பனை. 1917இலேயே நட்டுவிட்டார்கள். சரி, அது வேறு கதை.

1975 முதல் 1981 வரை ஏழு வருடமும் சிங்கப்பூர் இறுதியாட்டத்துக்கு வந்தது. 1977இல் மட்டும் எதிரே பினாங்கு, மற்ற ஆறிலும் சிலாங்கூர். அந்த ஆறில் ஐந்தை சிலாங்கூர் அள்ளிக்கொண்டு போனது. 1980 மட்டும் சிங்கப்பூரின் ஃபண்டி அகமட் அடித்த கோலில் 2-1 என்று கை நழுவியது. அப்பா அந்த வருடத்தைப் பற்றிப் பேசமாட்டார். பெரிய மாமா சிங்கப்பூர்க் கப்பல் பட்டறையில் வேலை செய்துவிட்டு வந்தவர். அவருக்கு அந்த ஒரு வருடம்தான் வருடம். 1977இலும் சிங்கப்பூர் ஜெயித்தது, ஆனால் அப்பாவைச் சீண்ட அது உதவாதே!

முதல் பெட்டிதான் மூன்றிலும் சிறந்தது. சிலாங்கூர் கோல்கீப்பர் ஆர். ஆறுமுகம் உயரே எம்பிப் பந்தைப் பிடிக்கும் கறுப்பு வெள்ளைப் படம். ஸ்பைடர்மேன் என்று சும்மாவா கூப்பிட்டார்கள், அந்தக் கை மட்டுமே பதினெட்டுத் துண்டு. ஆட்டக்காரர்களை இரண்டே ராத்திரியில் சேர்த்துவிடலாம். பின்னால் இருக்கும் கூட்டத்துக்குத்தான் மூன்று வாரம். எல்லாம் சாம்பல் நிறம், எல்லாம் வட்ட முகம். நிறம் பார்த்துத் தேடி அலுத்துப்போய், கடைசியில் வடிவம் பார்த்துப் பிரித்தோம். துண்டில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மூக்கு இரண்டு உள்ளது ஒரு தட்டில், மூன்று உள்ளது இன்னொன்றில். அதற்கப்புறம்தான் வேலை ஓடியது.

ஆனால் கொடுத்த காசுக்குப் பலன் கிடைத்தது அந்தக் கூட்டத்தில்தான். ஒவ்வொரு முகமாகக் கையில் எடுக்கும்போது அப்பாவுக்குப் பேச்சு வந்துவிடும். சம்பளம் போட்ட வாரம் தோட்டத்து லாரியில் நின்றுகொண்டே கோலாலம்பூர் போனது, மெர்டேக்கா அரங்கத்தில் டிக்கெட் தீர்ந்துபோய் வெளியே நின்று சத்தத்தை வைத்தே கோல் எண்ணியது, எல்லாம் அப்போதுதான் தெரிந்தது. பிரேம் போட்டு மாட்டிய படத்தை யார் இத்தனை நேரம் பார்க்கிறார்கள்? ஒரு நாள் வாயைத் திறந்து கத்தும் ஓர் ஆளைப் பிடித்துக்கொண்டு அப்பாவுக்கும் பெரிய மாமாவுக்கும் அரை மணி நேரச் சண்டை.

"இவன் நம்ம ஆளு மச்சான், சந்தோஷத்துல கத்துறான்."

"மாப்பிள்ளை, அது சிங்கப்பூர்க்காரன். கோல் போகலன்னு அழறான்."

இரண்டாவது பெட்டி 1980. இதில் ஏமாந்தேன். பழைய செய்தித்தாளை ஸ்கேன் செய்து அப்படியே பெரிதாக்கியிருக்கிறார்கள். கிட்டப் பார்த்தால் முகம் இல்லை, அச்சுப் புள்ளிதான். இவ்வளவு பெரிய படத்தைத் துல்லியமாக அச்சடிக்க, அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் அகலத்தில் மட்டும் 8,200 பிக்சலுக்கு மேல் வேண்டும். பாதி இருந்தாலும் ஒப்பேற்றலாம். வாங்குமுன் ஒரு மூலையைப் பெரிதாக்கி அனுப்பச் சொல்லுங்கள். நான் கேட்கவில்லை.

மூன்றாவது, மொக்தார் டஹாரி, சந்தோக் சிங் எல்லாரும் நிற்கும் சிலாங்கூர் அணிப் படம். கணினியில் வண்ணம் ஏற்றியது. சிவப்பும் மஞ்சளும் கலந்து எல்லாரும் ஆரஞ்சுச் சட்டையில் நிற்கிறார்கள். ஒரே தடவைதான் சேர்த்தோம்.

நம் ஊர் ஈரம் அட்டைக்கு ஆகாது. முதல் வருடம் நவம்பர் மழையில் துண்டுகள் ஊதி, படத்தாள் ஓரத்தில் பெயர்ந்தது. விற்றவரிடம் சொன்னால் "நல்லா வெயில்ல காய வைங்க" என்றார். வைத்தேன், வளைந்துபோனது. இப்போது ஜிப் பையில் போட்டு, சப்பாத்துப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் இரண்டு சேர்த்து, பிஸ்கட் டின்னில் மூடி வைக்கிறேன். பாதியில் நிற்கும் படத்துக்கு ஒரு பிளைவுட் பலகை. விருந்தாளி வந்தால் அப்படியே தூக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம். இத்தனைக்கும் தொலைந்தது இரண்டே துண்டு. ஒன்று வாஷிங் மெஷினில் கிடைத்தது.

ஒரு பெட்டி 95 வெள்ளி. ஆறுமுகம் படத்துக்கு அது மலிவு, மற்ற இரண்டுக்கும் அதிகம். மறுபடி வாங்கினால் கறுப்பு வெள்ளை மட்டும், அதுவும் கூட்டம் தெளிவாகத் தெரிகிற படம் மட்டும்.

1980 பெட்டி எட்டு மாதமாகப் பெரிய மாமா வீட்டில் இருக்கிறது. கேட்டால் இன்னும் முடியவில்லை என்கிறார். போன வாரம் போனபோது பார்த்தேன், சேர்த்து, ஒட்டி, கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.